முத்துக்குளித்துறைக்கு ஆராய்ச்சி செய்ய வரும் பிள்ளைகளுக்கு

ஆக்குபேஷனல் தெரபியில் முதுகலை படிக்கும் பிள்ளைகள் சிலர், குறைபாடுள்ள குழந்தைகள் ஊரோடும் பள்ளியோடும் சேர்ந்து வாழ்வதைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும் என்று தூத்துக்குடிப் பக்கம் வருகிறீர்கள். வேலூரிலோ சென்னையிலோ கோவையிலோ படித்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்புகிறவர்களும் உங்களில் உண்டு. நம் தொழில் இந்தியாவுக்கு வந்து அதிகக் காலம் ஆகவில்லை. 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் அகில இந்தியச் சங்கம் அமைந்தது. அதற்குப் பிறகு நம் ஆட்கள் கையால் செய்த வேலை ஏராளம். எழுதி வைத்தது சொற்பம். கடற்கரைக் குழந்தைகளைப் பற்றி எழுதியது அதிலும் சொற்பம். நீங்கள் எழுதப்போவதை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். அந்த ஆவலில்தான் இத்தனையும் சொல்கிறேன்.

1. தலைப்பை முடிவு செய்யும் முன் கரையை நடந்து பாருங்கள்.

வடக்கே வேம்பாரிலிருந்து தெற்கே பெரியதாழை வரை ஏறக்குறைய 160 கிலோமீட்டர். தருவைகுளத்தில் படகுகள் கரை சேரும் நேரம் பார்த்து நில்லுங்கள். முள்ளக்காடு பக்கத்து உப்பளங்களில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். அம்மாவும் அப்பாவும் பாத்தியில் நிற்கும் அந்த நேரத்தில் நடக்க முடியாத பிள்ளையை வீட்டில் யார் எழுப்புகிறார்கள், யார் குளிப்பாட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள். காயல்பட்டினத்தில் பெண்கள் போய்வரும் முடுக்குகளில் ஒரு சக்கர நாற்காலி திரும்புமா என்று பாருங்கள். மணப்பாட்டில் மணல்மேட்டின் மேல் இருக்கும் திருச்சிலுவைக் கோயிலுக்கு ஏறிப் போங்கள். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு ஒரு நாள் சாலையைக் கடந்து பாருங்கள்.

ஒரு குழந்தை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன செய்கிறதோ அதுதான் நமக்குப் பாடம். பாடநூலில் இருக்கும் குழந்தை ஊஞ்சல் ஆடும், கட்டைகளை அடுக்கும், மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும். இங்கே கரையில் ஏற்றிப் போட்ட வள்ளத்தின் நிழலில் விளையாட்டு நடக்கிறது. வலையில் சிக்கிய பொடி மீனைப் பிரித்துக் கொடுப்பது, சிப்பி பொறுக்குவது, கருவாடு காயும் இடத்தில் காக்கை விரட்டுவது, அப்பச்சிக்கு டீ வாங்கி வருவது எல்லாம் பிள்ளைகளின் வேலை. எந்த அளவுகோலிலும் இவை கிடையாது. ஆய்வுத் திட்டம் எழுதுவதற்கு முன்பே இந்தப் பட்டியல் உங்கள் நோட்டில் ஏறியிருக்க வேண்டும். அதைத் தாய்மாரைக் கேட்டு எழுதுங்கள், பிறகு பிள்ளைகளைக் கேட்டும் எழுதுங்கள். இரண்டு பட்டியலும் ஒன்றாக இருக்காது.

2. மணலில் நடக்கவிட்டுப் பாருங்கள்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் இயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். 1997-இல் வந்தது. கைத்திறனுக்கான மேக்ஸ் 2006-இல் வந்தது. இரண்டும் நல்ல கருவிகள். ஆனால் அந்தக் குழந்தை வழக்கமாக எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து நிலை குறிக்கச் சொல்கின்றன அவை. தெரபி அறையில் அதிகபட்சம் என்ன செய்துகாட்டுகிறது என்பதைப் பார்த்து அல்ல. டைல்ஸ் தரையில் பிடிமானம் இல்லாமல் நடந்து வந்த பையன், வீட்டு வாசலைத் தாண்டியதும் மணலில் பாதம் புதைந்து உட்கார்ந்துவிடுவான். அவன் வீட்டிலிருந்து பள்ளிக்கும் கோயிலுக்கும் கடைக்கும் போகும் பாதை பூராவும் மணல். கரையூரில் எடுத்த நிலையையும் மருத்துவமனையில் எடுத்த நிலையையும் அருகருகே எழுதிப் பாருங்கள். அந்த வித்தியாசம் ஒன்றே ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குப் போதும்.

3. வந்திருந்ததையும் கலந்துகொண்டதையும் ஒன்றாக எண்ணாதீர்கள்.

பனிமய மாதா திருவிழா ஜூலை 26 அன்று கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும். வீட்டில் எந்தப் பிள்ளை இருந்தாலும் தூக்கிக்கொண்டு போவார்கள். விட்டுவிட்டுப் போக மனம் வராது. உங்கள் படிவத்தில் "சமூக நிகழ்ச்சிக்குச் செல்கிறார்: ஆம்" என்று ஒரு டிக் விழும். ஆனால் அந்தப் பிள்ளை இரவு முழுக்கப் பாட்டி மடியிலேயே கிடந்திருக்கலாம். கூட வந்த பிள்ளைகள் ராட்டினத்துக்கு ஓடியபோது அதை யாரும் கூப்பிடாமல் இருந்திருக்கலாம். மிட்டாய்க் கடையில் "உனக்கு எது வேணும்?" என்று ஒருவரும் கேட்காமல், கையில் ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கலாம்.

2001-இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.எஃப். வகைப்பாட்டை வெளியிட்டபோது உடல் உறுப்பு, செயல், பங்கேற்பு என்று பிரித்தது. எல்லோரும் அந்தப் படத்தை ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் போடுகிறீர்கள். அதோடு விட்டுவிட்டு, மூன்றாம் அத்தியாயத்தில் தசை இறுக்கத்தை அளக்கப் போய்விடுகிறீர்கள். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டின் இம்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2016, 2017-இல் எழுதிய கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். ஒரு இடத்துக்குப் போவது ஒன்று, போன இடத்தில் மனம் ஒன்றி ஈடுபடுவது இன்னொன்று, இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்று தெளிவாக வகுத்தார்கள். கனடாவின் ரோசன்பாமும் கோர்ட்டரும் 2012-இல் ஆறு விஷயங்களை முன்வைத்தார்கள்: செயல்பாடு, குடும்பம், உடல்வலு, மகிழ்ச்சி, நண்பர்கள், எதிர்காலம். இந்த ஆறில் நண்பர்களைப் பற்றி நம் நாட்டு ஆய்வேடுகளில் நான் பார்த்தது மிகக் குறைவு. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டும் பிள்ளைகளில் ஒருத்தியாக உங்கள் ஆய்வில் வரும் சிறுமி போனாளா, வேடம் கட்டியவர்களைப் பார்க்க மட்டும் போனாளா? உங்கள் படிவம் இதைப் பிரித்துக் காட்டவில்லை என்றால் படிவத்தை மாற்றுங்கள்.

4. எண்ணிக்கையை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பார்த்து எடுங்கள்.

இந்தக் கரைக்கு எண்ணிப் பார்க்கும் பழக்கம் புதிதல்ல. முத்துக்குளிப்பு அறிவிக்கும் முன் அதிகாரிகள் கடலுக்குள் போய்ச் சிப்பிகள் கிடக்கும் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து எண்ணி, வயது பார்த்து, உள்ளிருக்கும் முத்தை மதிப்பிட்ட பிறகே குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். ஜேம்ஸ் ஹார்னெல் 1922-இல் இந்த முத்துக்குளிப்புகளைப் பற்றி விரிவாக எழுதினார். 1961-இல் இங்கே கடைசியாகக் குளித்தார்கள். 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியிலேயே வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். எந்தப் பாரில் எத்தனை சிப்பி என்று நூறாண்டுக்கு மேலாகக் கணக்கு இருக்கிறது. எந்தக் கரையூரில் எத்தனை குழந்தைக்கு உட்காரவும் தின்னவும் பேசவும் உதவி தேவைப்படுகிறது என்பதற்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்று நான் நெடுநாளாக ஆசைப்படுகிறேன்.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எல்லோரும் எழுதும் எண்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், அதாவது மக்கள்தொகையில் சுமார் இரண்டு சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். உலகம் முழுவதும் சுமார் 24 கோடிக் குழந்தைகள், பத்தில் ஒருவர், என்று யுனிசெஃப் 2021-இல் சொன்னது. இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையான பிள்ளைகளைப் பரிசோதித்து 2018-இல் வெளியான ஆய்வு, சுமார் 12 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. அந்த ஐந்தில் கடலோரத்துக்காக எடுத்த இடம் வடக்கு கோவா. மன்னார் வளைகுடா அல்ல. அந்தச் சதவீதத்தை நம் மாவட்டத்து மக்கள்தொகையால் பெருக்கி ஒரு எண்ணை உண்டாக்கி எழுதாதீர்கள். அதைப் பார்த்துவிட்டு இன்னொருவர் எடுத்து எழுதுவார், பிறகு அது உண்மையாகவே நடமாடத் தொடங்கிவிடும்.

இரண்டு சதவீதமும் பன்னிரண்டு சதவீதமும் ஏன் இவ்வளவு தள்ளி நிற்கின்றன? கேட்ட விதம் வேறு. வீட்டு வாசலில் நின்று "இந்த வீட்டில் ஊனமுற்றவர் உண்டா?" என்று கேட்டால், காது மந்தமான பிள்ளையின் தாய் இல்லை என்றுதான் சொல்வாள். யுனிசெஃபும் வாஷிங்டன் குழுவும் 2016-இல் கொடுத்த குழந்தைச் செயல்பாட்டுக் கேள்விகள் வேறு மாதிரி கேட்கின்றன. இதே வயதுப் பிள்ளைகளோடு பார்க்கையில் இவனுக்கு நடக்கச் சிரமமா, சொல்வதைப் புரிந்துகொள்ளச் சிரமமா, கொஞ்சமா அதிகமா என்று போகும். அந்தக் கேள்விகளைப் பேச்சுத் தமிழில் கேட்கப் பழகுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளி செல்லும் பிள்ளைகளை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கு உங்கள் வட்டாரத்தில் எப்படி எடுக்கப்பட்டது, பள்ளிக்கே வராத பிள்ளை அதில் எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள்.

5. அளவுகோலைத் தமிழில் பெயர்த்தால் மட்டும் போதாது.

குழந்தையின் அன்றாடச் செயல்திறனை அளக்கும் பெடி என்ற கருவி 1992-இல் அமெரிக்கக் குழந்தைகளை வைத்து உருவானது. முள்கரண்டி பிடிப்பதும் கத்தியால் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதும் அதில் வரும். அதைத் தமிழில் பெயர்த்து, ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பெயர்த்துச் சரிபார்த்தாலும், இங்குள்ள பிள்ளை அந்த வரியில் பூஜ்யம்தான் வாங்கும். அதே பிள்ளை குழம்பு மீனில் முள் எடுத்துத் தின்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், விரல்நுனிக்கு உணர்வு வேண்டும், கண் வேண்டும், நாக்கு வேண்டும், பொறுமை வேண்டும். ஏழு வயதிலும் தாயே முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தால் அதில் எத்தனையோ செய்தி இருக்கிறது. குத்தவைத்து உட்கார்ந்து எழுவது, செம்பில் மொண்டு ஊற்றிக் கழுவிக்கொள்வது, தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவது எல்லாமே அப்படித்தான்.

வேலையைத் தொடங்க எனக்கு மிகவும் பிடித்த கருவி சி.ஓ.பி.எம். 1991-இல் கனடாவில் வந்தது. அதில் வரிகள் முன்கூட்டியே கிடையாது. குடும்பத்தைக் கேட்டு, அவர்களுக்கு முக்கியமான ஐந்து காரியங்களை அவர்களே பத்துக்கு இத்தனை என்று மதிப்பிடச் சொல்ல வேண்டும். "டீச்சர், இவன் எப்ப நடப்பான்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதைத் தட்டிவிடாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உட்கார்ந்து பேசப் பேச, "நான் தண்ணிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் இவன் விழாம உக்காந்திருந்தா போதும்" என்று அடுத்தது வரும். அந்த இரண்டாவது வாக்கியத்தில் ஓர் ஆய்வுக் கேள்வி தயாராக இருக்கிறது.

6. அனுமதி வாங்குவதைச் சடங்காக்காதீர்கள்.

உங்கள் கல்லூரி நெறிக்குழு ஒப்புதல் தந்துவிட்டது என்று கிளம்பிவிடுவீர்கள். 2016 சட்டத்தின் 6-ஆம் பிரிவை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். குறைபாடு உள்ள எவரையும், அவருக்குப் புரியும் வழியில் விளக்கிச் சொல்லிச் சுதந்திரமான சம்மதம் பெறாமல் ஆராய்ச்சிக்கு உட்படுத்தக்கூடாது. அதற்கு மேல், அரசு அமைக்கும் மாற்றுத்திறனாளி ஆராய்ச்சிக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளோ அவர்கள் சார்ந்த பதிவு பெற்ற அமைப்பினரோ ஆக இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல சட்டம் பாருங்கள். உங்கள் வழிகாட்டியிடம் முதல் சந்திப்பிலேயே இந்தப் பிரிவைக் காட்டிப் பேசுங்கள்.

பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், 7 முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவும் அதற்கு மேல் 18 வரை எழுத்து இசைவும் பெறச் சொல்கின்றன. பேச்சு வராத பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் ஒரு பதில். அன்றைக்கு எழுந்து வந்துவிடுங்கள். ஊர்க் கமிட்டியும் பங்குத்தந்தையும் ஜமாஅத்தும் சரி என்று சொன்னால் ஊருக்குள் போக வழி கிடைக்கும், அவ்வளவே. தாயின் சம்மதத்தை அவர்கள் தர முடியாது. பெரியவர்கள் சொல்லிவிட்டார்களே என்று தலையாட்டும் தாயிடம் தனியாக இன்னொரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றாலும் தெரபி நிற்காது என்பதை முதலிலும் சொல்லுங்கள், கடைசியிலும் சொல்லுங்கள்.

இன்னொன்று. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய ஊர்கள் இவை. "புன்னைக்காயலைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி" என்று எழுதி, அரிதான ஒரு நோயின் பெயரையும் சேர்த்துவிட்டால் பெயரை மறைத்ததில் என்ன பயன்? ஊரை மறையுங்கள், வயதைச் சற்று மாற்றுங்கள்.

7. கடலின் நாட்காட்டியை ஆய்வின் நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்பாமார் வீட்டில் இருப்பார்கள். பள்ளிக்கும் விடுமுறை. கல்லூரியில் அந்த நேரம்தான் உங்களுக்கும் வசதி என்று முதல் அளவீட்டை மார்ச்சில் எடுத்து, இரண்டாவதை ஜூன் முதல் வாரத்தில் எடுப்பீர்கள். பிள்ளை முன்னேறியிருக்கும். அது உங்கள் சிகிச்சையாலா, இரண்டு மாதம் அப்பா தோளில் ஏறிக் கரைக்குப் போனதாலா, அக்காமார் நாள் முழுக்க வீட்டில் இருந்து விளையாடியதாலா? ஒப்பீட்டுக் குழு வைத்திருந்தாலும், அதில் நாட்டுப்படகுக் குடும்பங்கள் அதிகமாக விழுந்துவிட்டால் கணக்கு கோணும். அவர்களுக்குத் தடை கிடையாது. யார் விசைப்படகு, யார் வள்ளம், யார் சங்குகுளி, யார் உப்பளம் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறித்துக்கொள்ளுங்கள். உப்பளத்துக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்கள்தான் வேலையில்லாக் காலம். அப்போது கையில் காசு இருக்காது, தெரபிக்குப் பஸ் ஏற முடியாது. வருகைப் பதிவு குறையும். அதை "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து.

தடைக்காலத்தைப் பயன்படுத்தவும் தெரிய வேண்டும். உலகம் முழுக்க இந்தத் துறையின் ஆய்வுகளில் பேசியிருப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார். தந்தையரை உட்காரவைத்துப் பேச இந்த 61 நாளை விட நல்ல நேரம் கிடையாது.

டிசம்பரில் வீட்டுக்குப் போகும் திட்டம் வைத்திருந்தால் மாற்று வழியும் வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடியில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. அப்படிப்பட்ட இரவில், தானாக எழ முடியாத பிள்ளையை யார் தூக்கினார்கள், எங்கே கொண்டுபோனார்கள், முகாமில் கழிப்பறைக்கு என்ன செய்தார்கள் என்பது தனி ஆய்வு. யாராவது எடுங்கள்.

8. செய்து பார்த்ததில் எது பலன் தந்தது என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

அயோனா நோவாக்கும் குழுவும் 2013-இல், மூளை முடக்குவாதத்துக்கான 64 வகைச் சிகிச்சைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, சாலை விளக்கு போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார்கள். குடும்பம் தேர்ந்தெடுத்த ஒரு காரியத்தையே குறியாக வைத்துப் பழக்குவது, வீட்டில் செய்யும் திட்டமான பயிற்சி, இரண்டு கைகளையும் சேர்த்துப் பழக்குவது எல்லாம் பச்சையில் வந்தன. தெரபிஸ்ட் கை வைத்துப் பிள்ளையை அசைத்துக்கொண்டே இருக்கும் பழைய முறைகள் சிவப்புப் பக்கம் போயின. ஹைப்பர்பேரிக் ஆக்சிஜனும் அதே பக்கம். அதற்காக வட்டிக்கு வாங்கிச் செலவு செய்த குடும்பங்களை நான் அறிவேன். உங்களிடமும் வந்து கேட்பார்கள். தெளிவாகச் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கட்டுரைகளோடு நிற்க வேண்டாம். பஸ் ஏறினால் அதே நாளில் போய்ச் சேரும் தூரத்தில், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. தசைச்சிதைவு நோயோடு வாழும் எஸ்.சங்கரராமன் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். அங்கிருந்து கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று வீடுவீடாகப் போகிறார்கள். கையில் இருக்கும் டேப்லெட்டில் குழந்தையின் நிலையைப் பதிகிறார்கள். தொலைவில் இருக்கும் நிபுணர் அதைப் பார்த்து அடுத்த படியைச் சொல்கிறார். குழந்தையின் செயல்திறனோடு பராமரிப்பவரின் சுமையையும் சேர்த்து அளந்து கட்டுரைகளாக வெளியிட்டிருக்கிறார்கள். ஆய்க்குடி வயலும் குளமும் உள்ள ஊர். அந்த முறை கரையூரில் நடக்குமா, வீட்டில் பகலில் ஆள் இல்லாத உப்பளக் குடும்பத்துக்கு எப்படி மாற்ற வேண்டும் என்பது யாரோ ஒருவர் கையில் எடுக்க வேண்டிய நல்ல கேள்வி. பிஎச்.டி.க்கே தாங்கும்.

9. பள்ளிக்குள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள்.

6 முதல் 18 வயது வரை, நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு அக்கம்பக்கப் பள்ளியிலோ விருப்பப்பட்ட சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்று அதே 2016 சட்டம் சொல்கிறது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்கள் பள்ளிக்கும் வீட்டுக்கும் போய்வருகிறார்கள். அவர்களைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை என்பது அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் சொன்னதை எடுத்துக்கொண்டு நன்றியுரையில் ஒரு வரியோடு முடித்துவிடாமல், ஆய்வில் பங்காளிகளாகவே சேருங்கள்.

வகுப்பில் ஒரு பிள்ளை எங்கே உட்காருகிறது என்பதைக் குறிப்பீர்கள், நல்லது. சாப்பாட்டு மணி அடித்ததும் என்ன நடக்கிறது என்பதை அதைவிடக் கவனமாகப் பாருங்கள். தட்டை யார் எடுத்து வருகிறார்கள்? கை கழுவும் வரிசையில் நிற்கிறதா, ஆயா தண்ணீரை உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவருகிறாரா? அருகில் யார் உட்காருகிறார்கள்? முட்டையை உரிப்பது யார்? ஒரு பள்ளி அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட கதை முழுவதும் அந்த அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் செரில் மிசியுனாவும் குழுவும் பிள்ளையைத் தனியறைக்கு அழைத்துப் போகாமல், தெரபிஸ்ட் வகுப்புக்குள்ளேயே ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்யும் முறையை உருவாக்கி 2012-இல் எழுதினார்கள். நம் சத்துணவுக் கூடத்தில் அப்படி ஒன்றைச் செய்து பார்க்க அதிகப் பணம் வேண்டாம். சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

10. காரணம் கேட்கும்போது குரலைத் தாழ்த்துங்கள்.

"சொந்தத்துல கல்யாணமா?" என்ற கேள்வி எல்லாப் படிவத்திலும் முதல் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஆய்வுக்கு அது தேவைதானா என்று யோசியுங்கள். தேவை என்றால் கடைசியில் கேளுங்கள், கணவனின் அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அந்தத் தாய் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

11. பிள்ளைகளிடமே கேளுங்கள், வளர்ந்தவர்களிடமும் கேளுங்கள்.

"பிள்ளைக்குப் பேச வராது, அம்மாவைக் கேட்டுக்கொண்டேன்" என்று முறையியல் அத்தியாயத்தில் எழுதுவது எளிது. படங்களைக் காட்டிக் கேட்கலாம். போனைக் கொடுத்து, அதற்குப் பிடித்த இடங்களைப் படம் எடுக்கச் சொல்லலாம். கண்ணால் ஆம், இல்லை சொல்லும் பிள்ளைக்கு அந்த வேகத்தில் நேரம் கொடுக்கலாம். ஒரு மணி நேரத்தில் நாலு பதில்தான் கிடைக்கும் என்றால் அந்த நாலையும் எழுதுங்கள். இந்தக் கரையில் குறைபாட்டோடு வளர்ந்து பெரியவர்களாகி, கடை வைத்து, வலை பின்னி, ஆசிரியராகி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கேள்விப் பட்டியலை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள். எதை அடிக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். செய்த வேலைக்குக் கூலி கொடுங்கள், கட்டுரையில் பெயரும் போடுங்கள்.

12. முடிவை ஊரில் சொல்லிவிட்டுக் கல்லூரியில் சொல்லுங்கள்.

கட்டுரை ஆங்கிலத்தில் வரட்டும். நம் சங்கத்தின் இதழிலும் வரட்டும். ஆனால் நாலு பக்கத்தில் நல்ல தமிழில் ஒரு சுருக்கம் வேண்டும். அதில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு பிரதி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு ஒரு பிரதி, வட்டார வள மையத்துக்கு ஒரு பிரதி. ஒரு குடும்பம் ஒரு முறை தெரபிக்கு வந்துபோக ஆகும் பஸ் காசையும் போன கூலியையும் கூட்டி அதில் போடுங்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு அருகில் அந்த எண் நிற்கும்போது, கரையூருக்கே தெரபி வர வேண்டும் என்று வேறு யாரும் வாதாடத் தேவையிருக்காது.

ஆய்வில் கலந்துகொண்ட குடும்பங்களைக் கூட்டிச் சொல்லுங்கள். கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பின் வைத்தால் அப்பாமாரும் இருப்பார்கள். காயல்பட்டினம் என்றால் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தைத் தவிர்த்து அங்குள்ள பெண்களையே கேட்டு நேரம் வையுங்கள். இடம் தரைத்தளத்தில் இருக்கட்டும், கழிப்பறைக்குப் படி இருக்கக்கூடாது. ப்ரொஜெக்டர் வேண்டாம். பிள்ளைகள் எடுத்த படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள், அவர்கள் பெயர் போடலாமா என்று கேட்டுக்கொண்டு. தாய்மார் கேள்வி கேட்கத் தொடங்கினால் கூட்டம் நீளும், பஸ் போய்விடும். ஆட்டோவுக்கான பணத்தை நிதி விண்ணப்பத்தில் முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.